ஐடா ஸ்கடரும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும்: நெடுநோக்குத் தலைமையின் வரலாறு

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் 1900-இல் ஒரே ஒரு படுக்கை கொண்ட சிறு மருந்தகமாகத் தொடங்கின. தொடங்கியவர் அமெரிக்க மருத்துவர் ஐடா சோபியா ஸ்கடர் (1870–1960). நல்லெண்ணம் கொண்ட ஒருவர் தொடங்கும் அமைப்பு அவருடைய காலத்தோடு மறைந்துபோவது உண்டு. வேலூரில் அப்படி நேராததற்கு ஐடாவின் இரக்கம் மட்டுமே காரணம் அன்று. தமக்குப் பின்னும் பணி தொடர வேண்டும் என்று எண்ணி அவர் எடுத்த முடிவுகளும், அதற்காகத் தம் திட்டத்தையே மாற்றிக்கொண்டதும் முக்கிய காரணங்கள்.

பின்னணி

ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்த மருத்துவ மிஷனரி. பின்னர் அவர் சென்னைக்கு இடம்பெயர்ந்தார். அக்குடும்பத்தில் பலர் இப்பணியைத் தொடர்ந்தனர். இராணிப்பேட்டையில் பிறந்த ஐடாவுக்கோ அமெரிக்காவிலேயே வாழ வேண்டும் என்ற விருப்பம் இருந்தது.

நோயுற்ற தாயைக் கவனிக்க அவர் திண்டிவனம் வந்திருந்தபோது, ஓர் இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியருக்கு உதவுமாறு அவரைக் கேட்டனர். அவர் மருத்துவர் அல்லர். மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்லுமாறு கூறினார். ஆண் ஒருவர் தங்கள் வீட்டுப் பெண்களுக்கு வைத்தியம் பார்ப்பதை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். இந்நிகழ்ச்சியே தம்மை மருத்துவம் படிக்கத் தூண்டியது என்று ஐடா பின்னாளில் கூறிவந்தார். 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இன் தொடக்கத்தில் வேலூருக்கு வந்தார். அதே ஆண்டில் அவருடைய தந்தை காலமானார்.

மருத்துவரிலிருந்து ஆசிரியராக

நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் ஷெல் என்பவர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு, 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை 1902-இல் திறக்கப்பட்டது. குடியாத்தம் செல்லும் சாலையோரங்களில் மரத்தடியில் நோயாளிகளைப் பார்க்கும் வழக்கமும் பின்னர் ஏற்பட்டது. நோயாளிகளின் எண்ணிக்கை கூடக்கூட, ஒரு மருத்துவர் எவ்வளவு உழைத்தாலும் தேவை தீராது என்பது தெளிவாயிற்று.

கூடுதல் மருத்துவர்களை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது ஒரு வழி. ஐடா தேர்ந்தெடுத்தது வேறு வழி: இந்தியப் பெண்களையே செவிலியராகவும் மருத்துவராகவும் உருவாக்குதல். இதன் பலன் உடனே கிடைக்காது. ஒரு மாணவி படித்து முடிக்கும்வரை ஆசிரியர்களின் நேரமும் பணமும் செலவாகிக்கொண்டே இருக்கும். அதே வேளையில் நோயாளிகள் வாசலில் காத்திருப்பர். இருந்தும் 1909-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1918 ஆகஸ்ட் 12 அன்று பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. பெண்கல்வி அரிதாக இருந்த அக்காலத்தில், போதிய மாணவியர் சேர்வார்களா என்ற ஐயம் அரசு அதிகாரிகளிடம் இருந்தது. 1922-இல் முதல் அணியினர் எல்.எம்.பி. தகுதி பெற்று வெளியேறினர்.

கிறித்தவ அடிப்படை

இத்தலைமை முறைக்குக் கிறித்தவ மரபின் இரண்டு கருத்துகள் அடிப்படையாக இருந்தன. முதலாவது, தலைவர் என்பவர் பணிவிடை செய்பவர் என்பது. பணிவிடை பெறுவதற்காக அன்றி, பணிவிடை செய்யவே தாம் வந்ததாக இயேசு தம்மைப் பற்றிச் சொன்ன கருத்தே கல்லூரியின் குறிக்கோள் உரையாக ஏற்கப்பட்டது. இரண்டாவது, உக்கிராணத்துவம். உக்கிராணக்காரர் பொருளுக்கு உரிமையாளர் அல்லர். ஒப்படைக்கப்பட்டதைப் பேணிக் கணக்குக் கொடுக்க வேண்டியவர். இக்கருத்தின்படி நிறுவனம் அதை நிறுவியவருக்குச் சொந்தமானது அன்று. மருத்துவப் பள்ளியும் ஒரே சபையின் உடைமையாக அமையாமல், பல சபைகளும் மிஷன்களும் சேர்ந்து நடத்தும் கூட்டுமுயற்சியாகவே தொடங்கப்பட்டது.

1938-இன் நெருக்கடி

இக்கருத்துகளுக்குக் கடும் சோதனை 1930-களின் இறுதியில் வந்தது. மருத்துவக் கல்வி இனிப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாகவே இருக்க வேண்டும் என்று சென்னை மாகாண அரசு முடிவு செய்ததால், எல்.எம்.பி. படிப்புக்கு மாணவியரைச் சேர்க்க இயலாமற்போனது. எம்.பி.பி.எஸ். நடத்துவதற்குக் கூடுதல் படுக்கைகள், ஆய்வகங்கள், உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள், பெருந்தொகை ஆகியவை தேவைப்பட்டன. அப்போது ஐடா எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

ஆண்களையும் சேர்த்து, இந்தியக் கிறித்தவ சபைகள் அனைத்துக்கும் பொதுவான கல்லூரியாக மாற்றினால் ஆதரவு பெருகும் என்ற யோசனை எழுந்தது. இதற்கு அமெரிக்காவில் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. கல்லூரிக்காக நெடுங்காலம் நிதி திரட்டிய லூசி பீபாடி, பெண்களுக்காகப் பெண்கள் கொடுத்த பணத்தை வேறு நோக்கத்துக்குத் திருப்பக் கூடாது என்று வாதிட்டார். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. பெண்களுக்கான கல்லூரி என்பது ஐடாவின் கனவும்கூட. நீண்ட மனப்போராட்டத்துக்குப் பின், கல்லூரி மூடப்படுவதைவிட அதன் வடிவம் மாறுவது மேல் என்ற முடிவுக்கு அவர் வந்தார். பழைய தோழமையில் விரிசல் ஏற்பட்டது. போர்க்காலத்தில் அமெரிக்கா முழுவதும் சுற்றி அவர் நிதி திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது, 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

பொறுப்பை ஒப்படைத்தல்

1946-இல் ஐடா பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். கல்லூரியின் முதல் இந்திய இயக்குநராக ஹில்டா லாசரஸ் பின்னர் பொறுப்பேற்றார். விசாகப்பட்டினத்தில் பிறந்த அவர், அரசின் பெண்கள் மருத்துவச் சேவையில் உயர்பதவி வகித்தவர். நாடு விடுதலை பெற்ற காலத்தில் தலைமை இந்தியர் கைக்கு மாறியது, நிறுவனம் இம்மண்ணில் வேரூன்றத் துணைபுரிந்தது.

அடுத்து வந்தவர்கள் ஐடாவின் காலத்தில் இல்லாத துறைகளைத் தொடங்கினர். பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் தொழுநோயால் முடங்கிய கைகளைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையில் முன்னோடியானார். ஜேக்கப் சாண்டி 1949-இல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை நிறுவினார். 1977-இல் கே.வி.குப்பம் வட்டாரத்தில் 'ருஷா' என்னும் ஊரக நலத் திட்டம் தொடங்கியது. ஐடாவின் சாலையோர மருத்துவப் பணியின் தொடர்ச்சியாக இதைக் கருதலாம்.

மதிப்பீடு

வேலூரின் வளர்ச்சிக்கு வெளிநாட்டு நன்கொடை பெரிதும் உதவியது. பெண்களுக்கே உரிய மருத்துவக் கல்லூரி என்ற தனித்தன்மையை இழந்ததும் உண்மையான இழப்பே. ஆனால் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்ற வேறுபாட்டைத் தலைமை உணர்ந்திருந்தது. மாணவர் சேர்க்கை, பாடத்திட்டம், நிர்வாகம் ஆகிய அனைத்தும் மாறின. பணிவிடை என்ற குறிக்கோள் மாறவில்லை. ஐடா 1960 மே மாதத்தில் கொடைக்கானலில் காலமானார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அவர் இல்லாமலும் இயங்கக்கூடிய நிறுவனமாக வேலூர் மருத்துவக் கல்லூரி ஆகியிருந்தது.