வண்டி அச்சின் வரலாறும் காரின் முன்சக்கரச் சத்தமும்

தோட்டப்புறக் குடும்பம் ஒன்று பழைய கார் வாங்குகிறது என்றால், அது பல ஆண்டுச் சேமிப்பு. அந்தக் காரின் முன்சக்கரப் பக்கம் சத்தம் கேட்டால் பட்டறைக்குப் போகிறோம். ஒரு பொருளை மாற்றுகிறார்கள், சத்தம் நிற்பதில்லை. மற்றொன்றை மாற்றுகிறார்கள்; அப்போதும் நிற்பதில்லை. பணம் மட்டும் கரைகிறது. இது ஏன் என்று அறிய, அச்சு வளர்ந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

ஜார்ஜ்டவுன் நகரின் பர்மா சாலையைச் சீன மக்கள் அழைக்கும் பெயருக்குத் தண்ணீர் வண்டிச் சாலை என்று பொருள். மாட்டு வண்டிகள் நகருக்குத் தண்ணீர் சுமந்த காலத்தை அப்பெயர் நினைவூட்டுகிறது. மாட்டு வண்டிக்கு ஓர் இருசு, இரண்டு சக்கரங்கள், முனையில் கடையாணி. வண்டி கிறீச்சிட்டால் மை காய்ந்திருக்கும். அல்லது குடம் தேய்ந்திருக்கும். காரணம் கண்டுபிடிக்க வண்டிக்காரருக்கு நெடுநேரம் ஆகாது.

நான்கு சக்கர வண்டியில் திருப்பம்தான் சிக்கல். முன் அச்சு முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது. முனிச் நகர வண்டித் தச்சர் லாங்கன்ஸ்பெர்கர், அச்சை அசையாமல் நிறுத்தி, அதன் முனையிலுள்ள சக்கரங்களை மட்டும் திருப்பும் முறையைக் கண்டார். அதற்கு 1818இல் ஆக்கர்மன் என்பவர் லண்டனில் காப்புரிமை பெற்றார். பின்னர் வந்த மோட்டார் கார்கள் இம்முறையைப் பின்பற்றின. திருப்பம் எளிதாயிற்று, ஆனால் தேயக்கூடிய மூட்டுகளும் பெருகின.

1948இல் வந்த மோரிஸ் மைனர் காரில் எஞ்சின் பின்சக்கரங்களையே ஓட்டியது. முன்சக்கரங்களின் கீழ் மூட்டுகளுக்குத் தவறாமல் கிரீஸ் இட வேண்டும். இடாமல் விட்டால் மூட்டு தேய்ந்து கழன்று, சக்கரமே சாய்ந்துவிடும். அதே காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1959இல் மினி காரை உருவாக்கினார். அதில் முன்சக்கரங்கள் திரும்பவும் வேண்டும், வண்டியை இழுக்கவும் வேண்டும். இதற்கு உதவியது, அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ரெப்பா 1920களில் கண்டுபிடித்த மூட்டு. பள்ளங்களில் உருளும் எஃகுக் குண்டுகள், சக்கரம் திரும்பியிருக்கும்போதும் சுழற்சியைச் சீராகக் கடத்துகின்றன.

1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவும் முன்சக்கரம் இழுக்கும் கார்தான். அதே ஆண்டில்தான் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலமும் திறக்கப்பட்டது.

ஆகவே இன்றைய காரில் முன் அச்சு ஒரே பொருள் அன்று. அது பல மூட்டுகளின் கூட்டம். இரும்பு வழியே சத்தம் பரவுவதால், கேட்கும் இடம் ஒன்று, பிறக்கும் இடம் வேறொன்று. எனவே, சத்தம் எங்கே கேட்கிறது என்பதைவிட, எப்போது கேட்கிறது என்பதையே முதலில் கவனிக்க வேண்டும்.

ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல ஓட்டும்போது 'டக்டக்' என்று கேட்டால், பெரும்பாலும் டிரைவ் ஷாஃப்டின் வெளிமூட்டைச் சந்தேகிக்கலாம். அதன் மேலுள்ள வளையும் உறை கிழிந்து, சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். மணலும் நீரும் உள்ளே புகும். கிழிந்த உறையைத் தொடக்கத்திலேயே மாற்றினால் மூட்டு பிழைக்கும்.

பாலத்தில் ஒரே வேகத்தில் செல்லும்போது 'ங்ங்' என்ற இரைச்சல் எழுந்து, வேகத்தோடு கூடினால், அது சக்கர பேரிங்காகவோ டயராகவோ இருக்கலாம். பாலிக் புலாவ் மலைப்பாதை வளைவுகளில், ஒரு பக்கம் திரும்பும்போது கூடி, மறுபக்கம் திரும்பும்போது குறைந்தால், பேரிங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றியதும் இரைச்சலும் பின்னுக்குப் போனால், குற்றம் டயரில்.

மேடுபள்ளத்தில் மட்டும் 'தட்' என்று கேட்டால் பந்து மூட்டு, ரப்பர் புஷ், அப்சார்பர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நம் முன்னோர் வெட்டிய மரப்பால் இத்தகைய புஷ்களாகவும் மாறி, உலகெங்கும் கார்களின் அதிர்ச்சியைத் தாங்கியிருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். பந்து மூட்டு ஆட்டம் கண்டிருந்தால் அந்தக் காரைச் சாலையில் ஓட்டாதீர்கள்; அது கழன்றால் சக்கரம் நம் கட்டுப்பாட்டில் இராது.

பட்டறைக்குச் செல்லுமுன், சத்தம் திருப்பத்திலா, வேகத்திலா, பள்ளத்திலா, பிரேக் மிதிக்கும்போதா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதை மெக்கானிக்கிடம் காட்டி, அவரையும் பக்கத்தில் அமர்த்தி ஓட்டிக் காட்டுங்கள். காரணம் தெரிந்த பின்னரே பொருளை மாற்றச் சொல்லுங்கள். அரும்பாடுபட்டுச் சேர்த்த பணமும் மிஞ்சும்; குடும்பமும் பத்திரமாக வீடு திரும்பும்.