சாமர்டேலை மூடியது யார்?

இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையிலுள்ள கேன்ஷம் ஊரின் சாமர்டேல் சாக்லேட் ஆலை 2011 ஜனவரியில் மூடப்பட்டது. பழி இன்றுவரை அமெரிக்க நிறுவனமான கிராஃப்ட்டின் மேல்தான். காரணமில்லாமல் இல்லை. ஆலையின் உரிமையாளரான கேட்பரியை வாங்க முயன்ற 2009இல், அந்த ஆலையைத் தொடர்ந்து நடத்த முடியும் என்று நம்புவதாகக் கிராஃப்ட் அறிவித்தது. 2010 பிப்ரவரியில் கேட்பரி கைக்கு வந்த ஒரே வாரத்தில் பேச்சை மாற்றிக்கொண்டது. நிறுவனங்கள் கைமாறுவதைக் கண்காணிக்கும் டேக்ஓவர் பேனல் அதே ஆண்டு மே மாதம் அதை வெளிப்படையாகக் கண்டித்தது. ஆனால் ஆலையை மூடும் முடிவை எடுத்தது கேட்பரியேதான், 2007 அக்டோபரில். உற்பத்தியில் ஒரு பகுதி பர்மிங்காமின் போர்ன்வில்லுக்கு, மீதி போலந்துக்கு என்று அப்போதே பிரித்தாகிவிட்டது. போலந்தின் ஸ்கார்பிமியெஷில், சோவியத் படைகள் விட்டுச்சென்ற விமானத்தளத்தில், கிராஃப்ட் வருமுன்பே புதிய ஆலை எழத் தொடங்கியிருந்தது. கட்டடத்திலும் இயந்திரத்திலும் பணத்தைப் போட்டபின் எந்த முதலாளியும் பின்வாங்குவது அரிது. கிராஃப்ட்டும் இதையே சமாதானமாகச் சொன்னது. வாக்குக் கொடுக்குமுன் அதை விசாரித்திருக்கலாமே என்பதற்கு அதனிடம் நல்ல பதில் இல்லை.

போலந்தில் கூலி குறைவு, அதனால் போனார்கள் என்பது எளிய விளக்கம். கூலிக்குப் பெரிய பங்கு உண்டுதான். அது மட்டுமே காரணமென்றால் போர்ன்வில்லுக்கு ஒரு பகுதி போயிருக்காது. 2004இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததால், அங்கே செய்த சாக்லேட் சுங்கவரி இல்லாமல் பிரிட்டிஷ் கடைக்குத் திரும்பி வர முடிந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது பழைய ஆலைகளைக் கழித்து, வெற்று நிலத்தில் புதிதாக ஒன்று கட்டி, உற்பத்தியை அங்கே குவிக்கும் ஆசை. சாமர்டேல் பிறந்ததும் இதே ஆசையில்தான். 1847இல் அச்சில் வார்த்த சாக்லேட் கட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்த ஃப்ரை நிறுவனத்துக்கு, பிரிஸ்டலின் நடுவே நெருக்கியடித்த பல கட்டடங்கள் இருந்தன. 1919இல் கேட்பரியோடு இணைந்தபின், 1920களில் ஏவான் ஆற்றங்கரை வயல்வெளியில் தனி ரயில் பாதை, விளையாட்டுத் திடல்கள் சகிதம் புதிய ஆலை கட்டத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிஸ்டலைக் காலி செய்தது. ஃப்ரையின் சொந்த நகரம் அதன் ஆலைகளை இழந்தது அப்போதுதான். அதை யாரும் துரோகம் என்று நினைவில் வைத்திருக்கவில்லை.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று தொழிற்சங்கக்காரர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம். பிரிஸ்டலிலிருந்து கேன்ஷம் சில மைல். ஆலை போன இடத்துக்கு ஆளும் ரயிலேறிப் போக முடிந்தது. போலந்துக்கு இயந்திரம் போகும், கிரஞ்சி சாக்லேட் போகும். கேன்ஷமில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருப்பவர் போக முடியாது. கணக்கு மாறவில்லை, தூரம்தான் மாறியது. அந்தத் தூரத்தின் செலவு நிறுவனத்தின் ஏட்டில் ஏறாமல் ஊரின் தலையில் ஏறியது. கண்டனத்தைக் கிராஃப்ட்டோடு நிறுத்தியதில் இது தப்பிவிட்டது. 2011 செப்டம்பரில் பிரிட்டன் தன் கையகப்படுத்தல் விதிகளைத் திருத்தியது. வாங்க வருபவர் ஆலைகளைப் பற்றிச் சொல்லும் வாக்குக்குப் பொதுவாக 12 மாதம் கட்டுப்பட வேண்டும் என்றாயிற்று. 2007இல் கேட்பரி செய்ததுபோல, சொந்த ஆலையைத் தானே மூடி வெளிநாட்டில் புதிதாகக் கட்டும் நிறுவனத்தை அந்தத் திருத்தம் தொடவே இல்லை.