ஒரே எடைக்கல்: திட்டமிடும் மென்பொருள் போட்டிகளின் வரலாறு

திட்டம் என்றதும் நம்மில் பலருக்கு ஐந்தாண்டுத் திட்டம்தான் நினைவுக்கு வரும். இங்கே நான் எழுதப்போவது கம்ப்யூட்டர் தானே போடும் திட்டத்தைப் பற்றி.

ஒரு லாரி பத்து ஊர்களில் சரக்கு இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஊர் முதலில், எது அடுத்து என்று பார்த்தால் 36,28,800 வரிசைகள் வரும். வியாபாரி அனுபவத்தால் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறான். கம்ப்யூட்டருக்கோ மூன்றே விஷயங்கள்தான் தரப்படும்: இப்போதைய நிலை, வேண்டிய நிலை, செய்யக்கூடிய செயல்கள். செயல்களின் வரிசையை அதுவே கண்டுபிடிக்க வேண்டும்.

இத்துறையின் ஆதிநூல் போன்றது 'ஸ்டிரிப்ஸ்'. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் ரிச்சர்ட் ஃபைக்ஸ், நில்ஸ் நில்சன் இருவரும் 'ஷேக்கி' என்ற ரோபோவுக்காக இதை உருவாக்கி, 1971-இல் வெளியிட்டார்கள். அதன்பின் கால் நூற்றாண்டு காலம் எத்தனையோ மென்பொருள்கள் வந்தன. ஆனால் ஒவ்வொருவரும் தாமே கணக்கு எழுதி, தம் சொந்தக் குறியீட்டில் போட்டு, தாமே மார்க் கொடுத்துக்கொண்டார்கள். அவரவர் தராசு, அவரவர் எடைக்கல். இப்படி இருந்தால் சந்தையில் யாரை நம்புவது?

இதற்கு முடிவு கட்டியவர் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ட்ரூ மெக்டெர்மட். 1998-இல் பிட்ஸ்பர்க் நகரில் முதல் போட்டியை நடத்தினார். அதற்காக அவரும் ஒரு குழுவும் சேர்ந்து பி.டி.டி.எல். என்ற பொது மொழியை வகுத்தார்கள். கேள்வித்தாள் எல்லாருக்கும் அந்த ஒரே மொழியில்தான். கலந்துகொண்டவை ஐந்தே மென்பொருள்கள். கூட்டம் சிறிசு, காரியம் பெரிசு.

அந்தக் கேள்வித்தாளில் ஒரு சுவாரசியம். ஒரு பகுதிக்கு 'மர்மம்' என்று பெயர். உண்மையில் அது வண்டியில் சரக்கு ஏற்றி அனுப்பும் கணக்குதான். ஆனால் ஊர்களுக்கு உணவுப் பண்டங்களின் பெயர், வண்டிகளுக்கு இன்பங்களின் பெயர், சரக்குக்குத் துன்பங்களின் பெயர்! (சரக்கைத் துன்பம் என்றவர் வியாபாரியின் மனசு தெரிந்தவர்தான்.) 'லாரி', 'ஊர்' என்ற சொல்லைப் பார்த்துப் பழைய தந்திரத்தை நுழைக்க முடியாது. கணக்கின் அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் விடை வரும்.

2000-இல் ஃபாகியம் பாக்கஸ் நடத்திய இரண்டாம் போட்டியில் யோர்க் ஹாஃப்மனின் 'எஃப்.எஃப்.' பெயர் வாங்கியது. ஷிண்ட்லர் கம்பெனியின் லிஃப்ட் கணக்கும் அந்த வருஷக் கேள்விகளில் ஒன்று. 2002-இல் மரியா ஃபாக்ஸ், டெரெக் லாங் இருவரும் நேரத்தையும் எண்ணளவுகளையும் சேர்த்து மொழியை விரிவாக்கினார்கள். குடோனில் பெட்டிகளை அடுக்கி லாரியில் ஏற்றும் கணக்கு அந்த ஆண்டு வந்தது.

2004-இல் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வண்டி போய்ச் சேரலாம், சேராமலும் போகலாம் என்ற நிச்சயமின்மைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார்கள். அதில் வென்றது 'எஃப்.எஃப்.-ரீப்ளான்'. சுங்வூக் யூன், ஆலன் ஃபெர்ன், ராபர்ட் கிவன் மூவரும் செய்தது. அது நிகழ்தகவையெல்லாம் ஒதுக்கிவிட்டு எல்லாம் நல்லபடி நடக்கும் என்றே திட்டம் போடும். ஏதாவது பிசகினால் நின்ற இடத்திலிருந்து மறுபடி போடும். லாரி வழியில் நின்றால் நாமும் அதைத்தானே செய்கிறோம்? இந்த எளிய முறை ஜெயித்ததும், 2007-இல் இயன் லிட்டில், சில்வி தியபோ ஆகியோர் கேள்வித்தாளையே ஆராய்ந்தார்கள். மறுதிட்டம் போட்டாலே தீர்ந்துவிடும் கணக்குகள் நிச்சயமின்மைக்குச் சரியான சோதனை ஆகா என்று காட்டினார்கள். எடைபோடப் புறப்பட்ட போட்டி தன் எடைக்கல்லையும் சோதிக்க இடம் கொடுத்தது. இதுவே அதன் பெருமை.

இப்போது சாட்ஜிபிடி போன்றவை திட்டமும் போடும் என்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பேராசிரியர் சுப்பாராவ் கம்பம்பாட்டி அரிசோனாவில் தம் மாணவர்களோடு இதைச் சோதித்தார். கட்டைகளை அடுக்கும் பழைய போட்டிக் கணக்கை 2023-இல் ஜிபிடி-4 இடம் கொடுத்தபோது, 600-இல் சுமார் மூன்றிலொரு பங்கு தேறியது. 'மர்மம்' முறையில் பெயர்களை மட்டும் மாற்றினார்கள். இருபதில் ஒன்றுகூடத் தேறவில்லை. கணக்கு அதேதான். 2024-இல் வந்த ஓ1 பெயர் மாற்றியவற்றில் பாதியளவு போட்டது. ஆனால் 2004 போட்டியில் வென்ற 'ஃபாஸ்ட் டவுன்வர்டு' வழிவந்த மென்பொருள் எல்லாவற்றையும் பிழையின்றிப் போட்டுவிடுகிறது. அதற்குப் பெயர் எதுவானாலும் ஒன்றுதான்.

நம் பிள்ளைகளில் பலர் இந்தத் துறையில்தான் வேலை பார்க்கிறார்கள். நம் வியாபாரத்துக்கும் இத்தகைய மென்பொருள்களை விற்க வருகிறார்கள். விற்பவர் கொண்டுவரும் எடைக்கல்லை வாங்குபவர் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. "உங்கள் உதாரணம் இருக்கட்டும், பெயரையெல்லாம் மாற்றி என் கணக்கு ஒன்று தருகிறேன், போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்கலாம். 1998-இல் மெக்டெர்மட் கேட்டதும் இதைத்தான்.