மாற்றுக் குழல்: அரத்தை விட்டு அரத்துக்கே திரும்பிய ஒரு தொழிலின் வரலாறு

கைத்துப்பாக்கி ஒன்றோடு ஆலையிலிருந்து வந்த குழலைக் கழற்றிவிட்டு, வேறொரு நிறுவனம் தனியே செய்து விற்கும் குழலை அதன் இடத்தில் பொருத்துவது இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு தனி வணிகமாகவே நடக்கிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இத்தகைய வணிகத்தை எவரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. அக்காலத்துத் துப்பாக்கியின் குழலும், சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் விசைப்பொறியும், இவ்விரண்டையும் தாங்கும் மரக்கட்டையும் அந்த ஒரு துப்பாக்கிக்கென்றே அரத்தால் ராவி, ஒன்றோடொன்று இழைந்து உட்காரும்வரை திருத்தப்பட்டவை. ஒரே பட்டறையில், ஒரே கைவினைஞர், ஒரே வாரத்தில் செய்த இரண்டு துப்பாக்கிகளின் குழல்கள்கூட ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தா. குழல் பழுதானால் அதே திறமுள்ள ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்து, மீண்டும் அரத்தை எடுத்தாக வேண்டும்.

இந்த நிலையை மாற்றும் உறுதிமொழி அமெரிக்க அரசின் ஒப்பந்தம் ஒன்றில் எழுத்து வடிவம் பெற்றது ஒரு கைத்துப்பாக்கியின் பொருட்டே என்பது கவனிக்கத்தக்கது. கனெடிகட் மாநிலத்தைச் சேர்ந்த சிமியன் நார்த் 1813ஆம் ஆண்டில், ஒவ்வொன்றும் 7 டாலர் விலையில் 20,000 கைத்துப்பாக்கிகளைச் செய்து தர ஒப்புக்கொண்டபோது, அந்த 20,000இல் எந்த ஒன்றின் எந்த உறுப்பும் மற்ற எதிலும் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையையும் ஏற்றார். உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றாக அமைவதை நோக்கிய முயற்சி அதற்கு முன்பே பிரான்சில் ஓனோரே பிளாங்கின் பட்டறையில் தொடங்கியிருந்தது. பாரிஸில் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1785இல் அதைக் கண்டு வியந்து தம் நாட்டுக்குக் கடிதம் எழுதினார். இந்தச் சாதனையை நெடுங்காலம் அமெரிக்க ஆலையதிபர் ஈலை விட்னியின் பெயரிலேயே பாடநூல்கள் எழுதிவந்தன. ஆனால் விட்னியின் ஆலையிலிருந்து எஞ்சியுள்ள துப்பாக்கிகளின் உறுப்புகள் அவ்வாறு பொருந்தவில்லை என்பதைத் தொழில்நுட்ப வரலாற்றறிஞர்கள் 1960களிலிருந்து எடுத்துக்காட்டி வருகின்றனர். புகழ் ஒருவருக்குப் போய், உழைப்பு வேறு சிலருடையதாக இருந்த வரலாறுகளில் இதுவும் ஒன்று.

அந்த உழைப்பின் பெரும்பங்கு ஜான் ஹால் என்பவருக்குரியது. ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்ற இடத்திலிருந்த அரசு ஆயுத ஆலையில், 1820களில், எந்திரங்களாலும் அளவுமானிகளாலும் அவர் தம் நீள்துப்பாக்கியின் உறுப்புகளைச் செய்வித்தார். அளவுமானி என்பது ஓர் உறுப்பு குறித்த அளவில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக எஃகில் செய்து வைத்த மாதிரி. அதனுள் நுழைந்தால் உறுப்பு ஏற்கப்படும், நுழையாவிட்டால் தள்ளப்படும். நார்த்தும் தம் மிடில்டவுன் ஆலையில் அதே நீள்துப்பாக்கியைச் செய்யத் தொடங்கி, 1834ஆம் ஆண்டளவில், பல நூறு கிலோமீட்டர் இடைவெளியிலிருந்த இரண்டு ஆலைகளின் உறுப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்தும் நிலையை எட்டியபோது, 1813இல் தாளில் எழுதப்பட்டது இரும்பில் நிறைவேறியது. அரத்தைப் பிடித்த கையின் தீர்ப்பு இருந்த இடத்தில் அளவுமானியின் தீர்ப்பு வந்தது. மாற்றுக் குழலின் வரலாறு உண்மையில் தொடங்குவது இங்கேதான்.

ஆனால் எந்த எந்திரமும் ஒரே அளவைத் திரும்பத் திரும்பத் துல்லியமாகத் தருவதில்லை என்பதால், ஒவ்வோர் அளவுக்கும் மேல் எல்லை ஒன்றும் கீழ் எல்லை ஒன்றும் வகுத்து, இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லா உறுப்புகளும் சேரும்படி வடிவமைக்க வேண்டியிருந்தது. எந்தக் குழலும் எந்தத் துப்பாக்கியின் சட்டத்திலும், அதாவது உறுப்புகளைத் தாங்கும் உடற்கட்டிலும், நுழைய வேண்டுமானால், மிகப் பெரிய குழலும் மிகச் சிறிய இடத்தில் நுழைந்தாக வேண்டும். அப்படியானால் நடுத்தர அளவுள்ள குழல் நடுத்தர இடத்தில் சற்றே தளர்ந்துதான் கிடக்கும். உறுப்பு மாறிக்கொள்ளும் வசதிக்கு இந்தத் தளர்ச்சியே விலை.

அந்த விலையை அமெரிக்க இராணுவம் தெரிந்தே கொடுத்ததற்கு 1911ஆம் ஆண்டு மார்ச் 29 அன்று ஏற்கப்பட்ட எம்1911 கைத்துப்பாக்கி சான்று. யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில் பிறந்த ஜான் பிரவுனிங் வடிவமைத்து, கோல்ட் நிறுவனம் செய்த இத்துப்பாக்கி, தேர்வின்போது 6,000 குண்டுகளைத் தடையின்றிச் சுட்டது. இதன் குழல் சட்டத்தோடு நிலையாகப் பிணைக்கப்பட்டதன்று. குழலின் முனையை ஒரு வளையம் தாங்குகிறது; மேற்புறத்திலுள்ள மேடுகள் ஸ்லைடு எனப்படும் நகரும் மேலுறையின் பள்ளங்களில் அமர்கின்றன; அடிப்புறத்தை ஊசலாடும் சிறு இணைப்பு ஒன்று சட்டத்தோடு சேர்க்கிறது. சுடும்போது குழலும் ஸ்லைடும் சேர்ந்து சிறிது பின்சென்ற பிறகு, அந்த இணைப்பு குழலைக் கீழே இழுத்து விடுவிக்கிறது. ஸ்லைடு திரும்பி வரும்போது குழல் மீண்டும் மேலெழுந்து பூட்டிக்கொள்கிறது. சேறும் மணலும் புகுந்தாலும் இயங்க வேண்டும் என்பதற்காகவே இந்த மூன்று தாங்குமிடங்களிலும் இடைவெளி விடப்பட்டது.

உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாறிக்கொள்ளும் இந்த முறை இரண்டாம் உலகப்போரில் தன் முழுப் பயனையும் காட்டியது. தட்டச்சுப் பொறி செய்த ரெமிங்டன் ராண்டு நிறுவனம் எம்1911இன் திருத்திய வடிவமான எம்1911ஏ1 துப்பாக்கிகளைச் சுமார் 9 லட்சம் செய்தது. ரயில்வே சைகைக் கருவிகள் செய்த நிறுவனமும், 500 துப்பாக்கிகள் அளவில் சிங்கர் தையல் எந்திர நிறுவனமும்கூட இப்பணியில் சேர்ந்தன. இவற்றில் பலவற்றின் குழல்களைத் துப்பாக்கியில் பெயர் பொறித்த நிறுவனம் செய்யவே இல்லை. ஹை ஸ்டாண்டர்டு, ஃப்ளானரி போன்ற துணை ஒப்பந்ததாரர்கள் செய்து அனுப்பினர். ஆகவே ஆலைக் குழல், அயல் குழல் என்ற பிரிவே அப்போரின்போது பொருளிழந்திருந்தது.

குழல் எளிதில் இடம் மாறும் என்பதற்கு வேறொரு முகமும் உண்டு; அது நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. குழலின் உட்சுவரில் சுற்றிச் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழலவைத்து நேராகச் செலுத்துகின்றன. அவற்றை வெட்டிய கருவி விட்டுச்சென்ற நுண்ணிய கீறல்களும், பிற்காலத்துத் துருவும் தேய்வும் குண்டின் மேல் தடம் பதிக்கின்றன. எனவே ஒரு குண்டு எதிலிருந்து வந்தது என்ற கேள்விக்குக் குண்டின் மீதுள்ள தடம் தரும் விடை, நுணுகிப் பார்த்தால், குழலைப் பற்றியதே தவிர முழுத் துப்பாக்கியைப் பற்றியதன்று.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சவுத் பிரெயின்ட்ரீ ஊரில் 1920 ஏப்ரல் 15 அன்று ஒரு காலணி ஆலையின் சம்பளப் பணத்தைக் கொண்டுசென்ற இருவர் கொல்லப்பட்டனர். இத்தாலியிலிருந்து குடியேறியவர்களும், அரசு என்ற அமைப்பையே மறுக்கும் அனார்க்கிசக் கொள்கையினருமான நிக்கோலா சாக்கோ, பார்த்தலோமியோ வான்ஸெட்டி ஆகிய இருவரும் 1921 ஜூலையில் டெடம் நீதிமன்றத்தில் குற்றவாளிகளெனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். கொல்லப்பட்ட இருவருள் காவலராக இருந்தவரின் உடலிலிருந்து எடுத்த குண்டுகளில் ஒன்று சாக்கோவிடம் கைப்பற்றிய .32 அங்குலக் கோல்ட் துப்பாக்கியிலிருந்து வந்ததா என்பது வழக்கின் மையக் கேள்விகளுள் ஒன்று. மறுவிசாரணை கோரிய எதிர்த்தரப்பின் சார்பில் 1923 நவம்பரில் வந்த நிபுணர் ஆல்பர்ட் ஹாமில்டன், அதே வகையைச் சேர்ந்த இரண்டு புதிய துப்பாக்கிகளைக் கொண்டுவந்து, நீதிபதி வெப்ஸ்டர் தேயரின் முன்னிலையில், சாக்கோவின் துப்பாக்கியோடு சேர்த்து மூன்றையும் பிரித்துக் காட்டி மீண்டும் பூட்டினார். பிரவுனிங் வடிவமைத்த அந்த மாதிரியின் குழலைக் கழற்றுவதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. தம் இரண்டு துப்பாக்கிகளையும் எடுத்துச்செல்ல அவர் முற்பட்டபோது, அவற்றையும் அங்கேயே விட்டுச்செல்லுமாறு நீதிபதி பணித்தார்.

அந்த ஓர் ஆணைதான் உண்மையைக் காப்பாற்றியது. 1924ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசுத் தரப்பு நிபுணர் சார்லஸ் வான் ஆம்பர்க் சாக்கோவின் துப்பாக்கியை மீண்டும் ஆராய்ந்தபோது, துருவேறியிருந்த பழைய குழல் இருந்த இடத்தில் பளபளக்கும் புதிய குழல் இருந்தது. துருவேறிய குழலோ ஹாமில்டனின் புதிய துப்பாக்கிகளுள் ஒன்றில் காணப்பட்டது. இரு தரப்பும் ஒன்றன்மேல் ஒன்று பழிபோட்ட தனி விசாரணையின் முடிவில், யார் மாற்றியது என்று அறிவிக்காமலேயே, பழைய குழலைச் சாக்கோவின் துப்பாக்கியில் திரும்பப் பொருத்துமாறு தேயர் ஆணையிட்டார். இதே ஹாமில்டன் 1915இல் நியூயார்க் மாநிலத்தில் சார்லஸ் ஸ்டீலோ என்ற பண்ணைத் தொழிலாளியின் துப்பாக்கியே கொலைக் கருவி என்று சாட்சி சொல்லி, குற்றமற்ற அவரை மரண தண்டனைக்கு உள்ளாக்கக் காரணமாயிருந்தவர். ஸ்டீலோ பின்னர் விடுவிக்கப்பட்டார். அந்த அநீதியை ஆராய்ந்த சார்லஸ் வெயிட் என்பவர்தான், கால்வின் காடர்டு முதலியோருடன் சேர்ந்து, துப்பாக்கித் தடயவியலை 1925இல் நியூயார்க்கில் ஒரு முறையான துறையாக நிறுவினார். இரண்டு குண்டுகளை ஒரே பார்வையில் அருகருகே காட்டும் ஒப்பீட்டு நுண்ணோக்கியால் காடர்டு 1927இல் ஆராய்ந்து, அந்தக் குண்டு சாக்கோவின் துப்பாக்கியிலிருந்தே வந்தது என்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று இருவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வழக்கின் நேர்மை குறித்த விவாதம் இன்றளவும் ஓயவில்லை.

மாற்றுக் குழல் தனி வணிகமானது நீதிமன்றத்தாலோ போராலோ அன்று, இலக்குச் சுடும் போட்டிகளால். ஒஹையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் நடந்துவரும் தேசியப் போட்டிகளில் 50 கஜ தூரத்தில் வைக்கப்படும் வட்ட இலக்கின் பத்துப் புள்ளி வளையம் 3.36 அங்குல விட்டமே கொண்டது. தளர்ந்த குழலுடைய படைத்துப்பாக்கியால் தொடர்ந்து அதற்குள் சுட இயலாது. குறிபார்க்கும் முள் ஸ்லைடின் மீது இருக்க, குண்டு செல்லும் குழலோ ஒவ்வொரு முறையும் ஸ்லைடுக்குள் சற்றே வேறான இடத்தில் போய் அமர்ந்தால், சுடுபவரின் கை எத்தனை உறுதியானதாக இருந்தும் பயனில்லை. கோல்ட் நிறுவனம் 1933இல் தேர்ந்தெடுத்த குழலோடு 'நேஷனல் மேட்ச்' என்ற போட்டித் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இராணுவத் துப்பாக்கிக் கம்மியர்களோ, குறிப்பாக 1956இல் ஃபோர்ட் பென்னிங்கில் அமைந்த இராணுவச் சுடுதிறன் பிரிவினர், வேண்டுமென்றே சற்றுப் பெரிதாகச் செய்த குழலை எடுத்து, முனை வளையம், மேல் மேடுகள், அடித்தாங்கி ஆகிய மூன்று இடங்களிலும் மயிரிழை மயிரிழையாக ராவி, அந்த ஒரு துப்பாக்கிக்கென்றே இழைத்துப் பொருத்தினர்.

இந்த இடம் நின்று நோக்கத்தக்கது. ஹாலும் நார்த்தும் இருபது ஆண்டு உழைத்து வெளியேற்றிய அரம், ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே குழலைத் திருத்தத் திரும்பி வந்தது. அளவுமானி தந்த வசதி பொய்யன்று. பல லட்சம் படைவீரர்களுக்கு அதுவே தேவை. ஆனால் பொதுவான பொருத்தமும் தனிப்பட்ட துல்லியமும் ஒரே குழலில் முழுமையாகச் சேர்வதில்லை என்பதைப் போட்டிக் களம் வெளிப்படுத்தியது. கைவேலையின்றியே இந்த இடைவெளியை மூட ஆலையும் முயலாமல் இல்லை: கோல்ட் நிறுவனம் 1970இல் 'சீரிஸ் 70' மாதிரியில் விரல்கள் போன்ற வில் நாக்குகளால் குழலின் முனையைக் கவ்வும் வளையத்தைச் சேர்த்தது. அந்நாக்குகள் சில துப்பாக்கிகளில் முறிந்ததால், பிற்காலத்தில் பழைய திட வளையத்துக்கே திரும்பியது.

1960களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் இர்வ் ஸ்டோன் தொடங்கிய பார்-ஸ்டோ பட்டறை, துருப்பிடிக்காத எஃகில் போட்டிக் குழல்களைச் செய்து விற்று இத்தொழிலுக்கு நிலையான வடிவம் தந்தது. நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதலுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 1976இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் உருவானபின், இத்தகைய குழல்களை வாங்குவோர் பெருகினர். ஆஸ்திரிய இராணுவம் 1982இல் ஏற்ற குளோக் துப்பாக்கி வேறொரு தேவையைக் கொண்டுவந்தது. அதன் குழல், உள்ளே வைத்த அச்சின் மீது எஃகைச் சூடேற்றாமல் சம்மட்டியால் அடித்து உருவாக்கப்படுவது. கூர்விளிம்புள்ள பள்ளங்களுக்குப் பதில் வட்டமான மூலைகளையுடைய பலகோண உட்சுவர் கொண்டது. அத்தகைய குழலில் உறையிடாத ஈயக் குண்டுகளைச் சுட வேண்டாம் என்று நிறுவனமே எச்சரித்ததால், சொந்தமாக ஈயம் வார்த்துச் சுடும் போட்டியாளர்கள் வழக்கமான பள்ளங்களுள்ள மாற்றுக் குழலைத் தேடினர். கணினி வழி இயங்கும் கடைசல் எந்திரங்களின் வருகையால், ராவாமல் அப்படியே மாட்டத்தக்க குழல்களும் மலிந்தன. எந்தத் துப்பாக்கியிலும் நுழைய வேண்டிய குழல் எல்லாவற்றிலும் சிறிது தளர்ந்தே இருக்கும் என்ற பழைய விதி அவற்றையும் விடவில்லை. போட்டியில் வெல்லும் துல்லியத்துக்கு இன்றும் கம்மியரின் கை வேண்டும்.

குழல் இப்படித் தனியே விற்கப்படும்போது, சட்டத்தின் கண்ணில் எந்த உறுப்பைத் துப்பாக்கி என்று கொள்வது என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் உறுப்புகளையும் துப்பாக்கி என்ற சொல்லுக்குள் அடக்கியிருந்தது. நடைமுறைக்கு ஒவ்வாது என்று கருதி 1968ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கைவிட்டு, துப்பாக்கியின் உறுப்புகளுள் மற்றவற்றைத் தாங்கும் உடற்கட்டை மட்டுமே துப்பாக்கி என வரையறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் குழல் இன்றியமையா உறுப்பாகத் தனிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதங்களின் பாகங்களையும் ஆயுதம் என்றே வரையறுப்பதால், தனிக் குழலும் உரிமத்துக்கு உட்பட்டது. குண்டின் மேல் தடத்தைப் பதிப்பது குழல்தான் என்பது 1924இல் டெடம் நீதிமன்றத்திலேயே வெட்டவெளிச்சமானது. அப்படியிருந்தும் அதைக் கணக்கில் கொள்ளாமல் விட்ட அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தைவிட, குழலையும் ஆயுதமாகவே எண்ணும் சட்டங்கள் இந்தக் கருவியைச் சரியாகப் புரிந்துகொண்டவை.