மிரட்டல் கடிதமும் தூதரகக் காப்பும்: ஒரு வரலாற்று ஆய்வு

தூதருக்கு விடுக்கப்படும் மிரட்டலைத் தனிக் குற்றமாகக் கருதும் வழக்கம் இன்றைய ஒப்பந்தங்களுக்கு வெகு காலம் முந்தியது. 1784 மே மாதம் பிலடெல்பியா நகரில், ஷார்ல் ஜூலியன் தெ லோன்ஷாம் என்பவர் பிரெஞ்சுத் தூதரின் இல்லத்துக்கே சென்று, தூதரகச் செயலர் பார்பே-மார்புவாவை மிரட்டிவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்துத் தெருவில் அவரை வம்புக்கிழுத்து அவருடைய கைத்தடியில் அடித்தார். பென்சில்வேனியா நீதிமன்றம் மிரட்டலையும் தாக்குதலையும் தனித்தனிக் குற்றச்சாட்டுகளாக விசாரித்தது. நாடுகளிடையேயான சட்டம் அந்த மாநிலச் சட்டத்தின் ஒரு பகுதியே என்று சொல்லி, அபராதமும் ஈராண்டுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனையும் விதித்தது. அடி விழுவதற்கு முன் வாயிலிருந்து வந்த சொல்லும் குற்றமே என்பது இந்த வழக்கில் நிலைபெற்றது.

மொட்டைக் கடிதம் பற்றிய சட்டம் வேறொரு பாதையில் வளர்ந்தது. பெயரில்லாமலோ புனைபெயரிலோ கடிதம் எழுதிப் பணமும் பொருளும் கேட்பவருக்கு இங்கிலாந்து 1723-ல் மரண தண்டனை வைத்தது. கொல்வேன், வீட்டைக் கொளுத்துவேன் என்று எழுதுவதும் 1754-ல் அதே வரம்புக்குள் வந்தது. 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டம் நிதானமாக நடந்துகொண்டது. மிரட்டலுக்கு 506-வது பிரிவு. பெயரை மறைத்து மிரட்டினால் 507-வது பிரிவின்படி கூடுதலாக இரண்டு ஆண்டு வரை சிறை. இந்தச் சட்டங்களுக்குக் கடிதம் பெறுபவர் பண்ணையாரா, தூதரா என்பது பொருட்டாக இருக்கவில்லை.

தூதரகத்துக்கு வரும் கடிதத்தைக் கையாளுவதில் உள்ள சிக்கலுக்கு அடித்தளமிட்டது 1961-ன் வியன்னா உடன்படிக்கை. அதன் 22-வது உறுப்பு, தூதரகக் கட்டடத்தைக் காக்கும் சிறப்புக் கடமையை அதை ஏற்றுள்ள நாட்டின் மீது சுமத்துகிறது. தூதரகத் தலைவரின் இசைவில்லாமல் அந்நாட்டுக் காவலர் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது என்று சொல்வதும் அதே உறுப்புதான். 24-வது உறுப்பின்படி தூதரகத்தின் ஆவணங்கள் எங்கிருந்தாலும் காப்புக்குரியவை. 31-வது உறுப்பின்படி தூதரக அதிகாரியைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. ஆக, தபால் அறைக்குள் வந்து சேர்ந்த மிரட்டல் கடிதத்தைக் காவல் துறை பறிமுதல் செய்ய வழியில்லை. காக்க வேண்டியவரின் கையில் தடயம் இல்லை. தடயம் வைத்திருப்பவருக்குக் குற்றவாளியைப் பிடிக்கும் அதிகாரம் இல்லை. தூதரகமே முன்வந்து கடிதத்தைக் கொடுத்தாலன்றி வழக்கு நகராது. இதற்குப் பின் உருவான நடைமுறைகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியைக் கடப்பதற்கான ஏற்பாடுகளே.

1970-ல் குவாதமாலாவில் மேற்கு ஜெர்மனியின் தூதர் கார்ல் ஃபான் ஷ்பிரேட்டி கடத்திக் கொல்லப்பட்டார். மறு ஆண்டே அமெரிக்க நாடுகளின் அமைப்பு கடத்தல், கொலை, உடல் மீதான தாக்குதல் ஆகியவற்றுக்கு எதிராக ஒப்பந்தம் செய்துகொண்டது. 1973 டிசம்பர் 14 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற ஒப்பந்தம் அதைவிட ஒரு படி மேலே சென்றது. தாக்குவதாக மிரட்டுவதையும் ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் குற்றமாக்க வேண்டும், பிடிபட்டவரை ஒப்படைக்க வேண்டும் அல்லது தானே வழக்கு நடத்த வேண்டும் என்று அது விதித்தது. 1784-ன் தீர்ப்பும் மொட்டைக் கடிதச் சட்டமும் சந்தித்த இடம் இதுதான். அமெரிக்கா 1976-ல் இதற்கெனத் தனிச் சட்டப் பிரிவே கொண்டுவந்தது.

இதற்கிடையில் கடிதமே ஆயுதமாகிவிட்டது. 1972 செப்டம்பர் 19 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த உறை லண்டன் இஸ்ரேல் தூதரகத்தில் வெடித்து, வேளாண் ஆலோசகர் அமி ஷகோரி உயிரிழந்தார். வேறு பல இஸ்ரேல் தூதரகங்களுக்கும் அதே பாணியில் உறைகள் போயிருந்தன. அதுவரை மிரட்டலா இல்லையா என்பது பிரித்துப் படித்த பிறகே தெரியவந்தது. அதற்குப் பின் முடிவு உறையைத் தொடும் கட்டத்துக்கு முன்னேறியது: எடை, தடிப்பு, தேவைக்கு மேல் ஒட்டிய தபால் தலை, எண்ணெய்க் கறை, தெரியாத முகவரி. ஊடுகதிர்க் கருவிகள் தூதரகத் தபால் அறைக்குள் வந்தன.

மிரட்டல் கடிதம் எப்போதும் தூதரகத்துக்கே வருவதில்லை. 1984 பிப்ரவரி 3 அன்று பர்மிங்காமில் இந்தியத் தூதரக அதிகாரி ரவீந்திர மாத்ரே கடத்தப்பட்டபோது, பத்து லட்சம் பவுண்டும் இந்தியச் சிறையிலிருந்த காஷ்மீர்ப் பிரிவினைவாதத் தலைவர் மக்பூல் பட்டின் விடுதலையும் கேட்ட கடிதம் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. இரண்டே நாளில் மாத்ரேயின் உடல் கிடைத்தது. பிப்ரவரி 11 அன்று பட் திகார் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அனுப்பியவரோடு பேசிக் காலம் கடத்தும் வாய்ப்பு இந்த வழக்கில் கிட்டவே இல்லை. மிரட்டல் வந்த உடனே காவல் துறை, தூதரகம், தலைநகர் மூன்றும் ஒரே நேரத்தில் அறிய வேண்டும் என்ற விதியின் தேவையை இதைவிடக் கடுமையாகக் காட்டிய நிகழ்வு குறைவு.

கேட்ட மிரட்டலை யாரிடம் சொல்வது என்பது அடுத்த கேள்வி. 1988 டிசம்பர் 5 அன்று ஹெல்சிங்கி அமெரிக்கத் தூதரகத்துக்கு வந்த தொலைபேசி அழைப்பு, ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து அமெரிக்கா செல்லும் பான் ஆம் விமானம் ஒன்று இரண்டு வாரத்துக்குள் தகர்க்கப்படும் என்றது. ஃபின்லாந்துக் காவல் துறை அதைப் புரளி என்று முடிவு செய்தது. ஆனால் மாஸ்கோ அமெரிக்கத் தூதரகம் அந்த எச்சரிக்கையைத் தன் ஊழியர் பார்க்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்டியது. டிசம்பர் 21 அன்று பான் ஆம் 103 விமானம் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி மேல் வெடித்துச் சிதற, 270 பேர் மாண்டனர். அழைப்புக்கும் குண்டுக்கும் தொடர்பிருந்ததாக நிறுவப்படவில்லை. ஆயினும் தூதரக ஊழியருக்குச் சொன்னதைப் பயணிகளுக்கு ஏன் சொல்லவில்லை என்ற கோபம் அடங்கவில்லை. ஊழியருக்குத் தரும் எச்சரிக்கையைப் பொதுமக்களுக்கும் தர வேண்டும் என்ற கொள்கை அதன் விளைவு.

2001-ல் ஆந்த்ராக்ஸ் பொடி கலந்த கடிதங்கள் அமெரிக்க வெளியுறவுத் துறையின் தபால் மையத்தையும் அசுத்தமாக்கின; அங்கு வேலை செய்த ஒருவர் நோயுற்றுப் பிழைத்தார். 2005 ஜூனில் கான்பெராவிலுள்ள இந்தோனேசியத் தூதரகத்துக்குப் பொடியோடு உறை வந்தபோது, அது தீங்கற்றது என்று சோதனையில் தெரியும் முன் ஊழியர்களைத் தனிமைப்படுத்தித் தூய்மைப்படுத்த வேண்டியிருந்தது. பொய் மிரட்டலும் ஒரு தூதரகத்தை நாள் முழுக்க முடக்கிவிடும். அனுப்பியவருக்குப் பல சமயம் அதுவே போதும்.

இன்றைய நடைமுறை இவ்வளவையும் சுமந்தே நடக்கிறது. மிரட்டல் என்று தெரிந்ததும் கடிதத்தை மேற்கொண்டு யாரும் தொடுவதில்லை. படியெடுக்கச் சுற்றுக்கு விடுவதுமில்லை. உறையைக் கிழித்தெறிவது பெரும் பிழை. அஞ்சல் முத்திரையும் ஒட்டிய பசையும் அதில்தான் இருக்கின்றன. நாவால் நனைத்து ஒட்டியிருந்தால் மரபணுத் தடயமும் கிடைக்கும். காகிதத்தில் படிந்த கைரேகையை நின்ஹைட்ரின் கொண்டு ஊதா நிறத்தில் எழுப்பிக் காட்டும் முறை 1954 முதல் வழக்கில் உள்ளது. தாளுக்கு மேலிருந்த வேறொரு தாளில் எழுதியதன் அழுத்தத் தடத்தை மின்னேற்ற முறையில் படிக்கும் கருவி 1970-களின் இறுதியில் வந்தது. முதலில் எடுத்தவர் பெயர், நேரம், அதன் பின் யார் கைக்கு மாறியது என்பதைக் குறித்து வைப்பது பாதுகாப்பு அதிகாரியின் பொறுப்பு. அசலைக் காவல் துறைக்குக் கொடுக்கும்போது, ஆவணக் காப்பை ஒட்டுமொத்தமாக விட்டுக்கொடுக்கவில்லை என்று வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது விவேகமானது.

உறை முறை இன்னும் ஒழியவில்லை. 2022 நவம்பர் 30 அன்று மாட்ரிட் உக்ரைன் தூதரகத்தில், தூதர் பெயருக்கு வந்த உறையைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்த ஊழியருக்குக் கையில் சிறு காயம் மட்டுமே. அதே கை ஸ்பெயின் பிரதமர் அலுவலகத்துக்கும் அமெரிக்கத் தூதரகத்துக்கும் உறைகள் அனுப்பியிருந்தது. ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் 2023 ஜனவரியில் கைதாகி, 2024-ல் 18 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

மின்னஞ்சல் மிரட்டலில் உறையும் இல்லை, கைரேகையும் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவு, பெயரை மறைத்த மிரட்டலுக்கான பழைய கூடுதல் தண்டனையை அப்படியே வைத்திருக்கிறது. கடினம் தண்டிப்பதில் இல்லை, ஆளைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. மின்னஞ்சல் சேவை நிறுவனம் மூன்றாவது நாட்டில் இருந்தால், அதன் பதிவுகளைக் கேட்டுப் பரஸ்பரச் சட்ட உதவிக் கோரிக்கை அனுப்ப வேண்டும். அனுப்ப வேண்டியது தூதரகம் அல்ல, அது அமைந்துள்ள நாட்டின் அரசு.