பகாப்பிடுகு

தளவானூர் என்று இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது, தென்பெண்ணையில் 2021இல் உடைந்த தடுப்பணை. அது வேறு தளவானூர். நான் போனது செஞ்சிப் பக்கத்துத் தளவானூருக்கு, மகேந்திரவர்மனின் குடைவரை இருக்கும் பஞ்சபாண்டவர் மலைக்கு. போன காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு நாய்ஸ் பாட்டுக்குத் தலைப்பு வேண்டியிருந்தது.

நானும் ஒரு நண்பனும் வார இறுதிகளில் இரைச்சல் இசை செய்கிறோம். கேட்பவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். அம்மி கொத்துபவர்களின் உளிச் சத்தத்தைப் பதிவுசெய்து, இழுத்து, உடைத்து, பதினோரு நிமிடத்துக்கு ஒரு கோப்பு ஆக்கியிருந்தோம். அதன் பெயர் ‘டெஸ்ட் 7’. ஆபீஸில் வேரியபிளுக்குப் பெயர் வைக்கத் திணறுகிறவன் இதற்கு என்ன வைப்பான்?

வரிகள் உள்ள பாட்டுக்குத் தலைப்பு தானாக வந்துவிடும், பல்லவியின் முதல் இரண்டு சொல் போதும். இரைச்சலுக்கு அந்த வசதி கிடையாது. மெட்டு இல்லை, சொல் இல்லை. கேட்பவன் பிடித்துக்கொள்ளத் தலைப்பு ஒன்றுதான் கைப்பிடி. லூ ரீட் 1975இல் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டில் இருப்பது கிடார்களின் ஃபீட்பேக் மட்டுமே. நான்கு பக்கங்களுக்கும் பகுதி ஒன்று, இரண்டு என எண்தான் போட்டார். ஆனால் ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ என்ற பெயர், தட்டை முழுசாகக் கேட்காதவர்களுக்கும் தெரியும். மசாமி அகிதா தன் இசைக்கு வைத்துக்கொண்ட ‘மெர்ஸ்போ’ என்ற பெயர் இன்னும் சுவாரசியம். கர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஜெர்மானியக் கலைஞர் ஹானோவரில் தன் வீட்டுக்குள்ளேயே வளர்த்துக்கொண்டு போன ‘மெர்ஸ்பாவ்’ என்ற கட்டுமானத்திலிருந்து வந்தது அது. அந்த வீடு 1943 குண்டுவீச்சில் அழிந்தது. சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாத பெயர். எனக்குத் தெரிந்து ‘அலறல்’, ‘பேரொலி’ வகைத் தலைப்புகள் நிற்பதே இல்லை. சத்தத்துக்குச் சத்தம் என்றே பெயர் வைத்தால் மனசு எதைப் பிடித்துக்கொள்ளும்?

ஏழாம் நூற்றாண்டில் இந்தப் பிரச்சினையை மகேந்திரவர்மன் சந்தித்தான் என்பது என் கட்சி. அதுவரை இங்கே கோயில் என்றால் செங்கல், மரம், உலோகம், சுண்ணச் சாந்து. இது எதுவும் இல்லாமல் செய்தேன் என்று பக்கத்திலேயே மண்டகப்பட்டில் வெட்டிவைத்தான். பார்ப்பவர்களுக்குப் பழக்கமே இல்லாத ஒரு பொருள். அதற்குப் பெயர் வேண்டும். தன் பட்டங்களையே எடுத்துப் போட்டான். மண்டகப்பட்டில் இலக்ஷிதாயதனம், சீயமங்கலத்தில் அவனிபாஜனம், திருச்சியில் லலிதாங்குரம், தளவானூரில் சத்ருமல்லேஸ்வரம். இவன் எழுதிய நாடகத்தின் பெயரான மத்தவிலாசமும் இவனுடைய பட்டம்தான், ‘போதைக் களியாட்டம்’ மாதிரி ஒரு பொருள். தன்னையே ஆல்பமாக வெளியிட்ட ஆள்.

சத்ருமல்லன் அப்படியொன்றும் பெரிய பெயர் இல்லை. பகைவரோடு மோதும் மல்லன், எந்த ராஜாவும் வைத்துக்கொள்வான். விசித்திரசித்தன் பரவாயில்லை, ஒரு ராஜா தன் புத்தி விசித்திரமானது என்று கல்லில் ஒப்புக்கொள்கிறான். என் ஓட்டு பகாப்பிடுகுக்கு. செங்கல்பட்டை அடுத்த வல்லம் குடைவரையில் மகேந்திரனின் பட்ட வரிசையில் முதலாக நிற்கிறது அது. பிடுகு என்றால் இடி, தெலுங்கில் இன்றும் புழக்கத்தில் உள்ள சொல். பகா, பிளவுபடாத. பிளக்கிற இடியே பிளவுபடாமல் இருக்கிறது. வாயைத் திறந்து சொல்லிப் பாருங்கள், நடுவில் அந்த ‘ப்பி’யில் உதடு வெடிக்கும். பொருள் தெரியாமலே மனசில் தங்கிவிடுகிறது.

அதிகமாக வைத்தாலும் கெட்டுப்போகும். அவனுக்குப் பின் வந்த ராஜசிம்மன் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இருநூறுக்கும் மேல் பட்டங்களை வெட்டிவைத்தான். வீணை வாசிப்பதில் நாரதன் என்றுகூட ஒன்று. யாருக்கு நினைவிருக்கிறது?

தளவானூரில் முகப்பின் மகர தோரணத்தையும் இரு பக்கத்து வாயில்காவலர்களையும் பார்த்துவிட்டுக் கல்வெட்டிடம் நின்றேன். சமஸ்கிருதச் செய்யுளில் அரசன் பெயர் இருக்கிறது. தமிழ்ப் பாட்டில் அவன் பெயர், ஊர்ப் பெயர், பாட்டை எழுதிய செல்லன் சிவதாசன் பெயர்கூட இருக்கிறது. உளி பிடித்தவன் பெயர் மட்டும் இல்லை. இந்தப் பாறைக்கு முன்னால் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கேட்டது அவனுடைய சத்தம்தான். நான் தேடி வந்ததும் அதுதான். பகாப்பிடுகு என்று வைத்தால் பதினோரு நிமிடமும் மறுபடி ராஜா கணக்கில் போய்ச் சேரும். இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில், பதிவுக்கு உளி கொடுத்த பெரியவரைப் பார்த்தேன். இயர்போனை மாட்டிவிட்டேன். மூன்று நிமிடம் பொறுமையாகக் கேட்டார். எங்கள் டிஸ்டார்ஷன், எக்கோ எல்லாவற்றுக்கும் அடியில் எதையோ தேடுகிற மாதிரி தலையைச் சாய்த்தார்.

“இது என் கொத்து இல்ல தம்பி, என் மச்சானுது. அவன் கை கொஞ்சம் சாய்ச்சு விழும்.”

“பேரு என்னங்க வைக்கலாம்?”

“எதுக்கு, மச்சானுக்கா?” என்று சிரித்தார்.

கோப்பு இன்னும் டெஸ்ட் 7தான்.