தேர்தல் இரவும் நாடக மேடையும்

நாட்டின் வரலாறு திரும்பிய ஓர் இரவில், வீட்டிற்குள் இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தனர் என்பதை வரலாற்று நூல்கள் எழுதுவதில்லை. ஆஸ்திரேலிய நாடகாசிரியர் டேவிட் வில்லியம்சன் அதனை மேடையில் எழுதிக் காட்டினார். 1971இல் மெல்போர்ன் நகரில் அரங்கேறிய 'டான்ஸ் பார்ட்டி' என்னும் அந்நாடகம், 1969 அக்டோபர் 25ஆம் நாள் இரவில் ஒரு பள்ளி ஆசிரியரின் இல்லத்தில் நிகழ்வது. இருபது ஆண்டுகள் ஆட்சிக்கு வெளியே நின்ற தொழிற்கட்சி அன்று வென்றே தீரும் என நம்பி நண்பர்கள் விருந்துக்குக் கூடுகின்றனர். மூலையில் தொலைக்காட்சி முடிவுகளைச் சொல்கிறது. கட்சியின் நம்பிக்கை தேயத் தேய மது பெருகுகிறது. மூடி வைத்திருந்த மணவாழ்க்கைப் புண்களெல்லாம் திறந்துகொள்கின்றன.

நம் மேடையில் இத்தகைய நாடகம் ஒன்று உண்டா எனத் தேடினோம். அறிஞர் அண்ணாவின் 'ஓர் இரவு' நினைவுக்கு வந்தது. ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் மறைபொருள்கள் வெளிப்படும் கதை அது. ஆனால் அங்கே தேர்தல் இல்லை. தேர்தல் உள்ள நாடகம் சோவின் 'முகமது பின் துக்ளக்'. 1968இல் மேடையேறிய அந்நாடகம் கைதட்டலையும் கண்டனத்தையும் ஒருங்கே பெற்றது. ஆயினும் அது ஆட்சிமன்றத்தைப் பார்த்து நகைத்ததேயன்றி, வாக்களித்தவன் வீட்டு அடுக்களைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

எட்டிப் பார்க்க வேண்டிய இரவோ நமக்கு இருந்தது. 1967 பிப்ரவரியில் சென்னை மாநிலத்தில் காங்கிரசு ஆட்சி வீழ்ந்தது. நாடகம் எழுதி, நாடகத்தில் நடித்து வளர்ந்த அண்ணா மார்ச் 6இல் முதலமைச்சரானார். விருதுநகரில் பெருந்தலைவர் காமராசர், மாணவர் தலைவராயிருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். மேடைக்கு இதனினும் பெரிய காட்சி வேண்டுமோ?

அவ்விரவு தாராவியில் எப்படிக் கழிந்தது என்பதை எம் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறோம். (தேர்தல் பணிக்கு அனுப்பப்படும் எம்போன்ற எழுத்தர்க்கு அவ்விரவு முத்திரை அரக்கும் படிவங்களுமே; வீட்டு நாடகத்தைக் காணும் பேறு எமக்கில்லை.) எம் தந்தையார் கழகப் பற்றாளர். பெரியப்பாவோ காமராசரைத் தெய்வமாகக் கொண்டவர். அவர் திறந்த பள்ளியிலும் இட்ட மதிய உணவிலும் தம் தம்பிமார் படித்தனர் என்பார். தேநீர்க் கடை வானொலியில் விருதுநகர்ச் செய்தி வந்ததும் தந்தையார் கைதட்டிவிட்டார். பெரியப்பா ஒரு சொல்லும் பேசாது எழுந்து வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "அண்ணாச்சி, ஒரு வாய் சாப்பிடுங்க" என்று தாயார் மும்முறை அழைத்தும் பயனில்லை. வென்ற கட்சிக்காரரும் அன்று உண்ணவில்லை. வடித்த சோறு மறுநாள் பழையதாயிற்று.

இதே தேர்தலுக்குப் பம்பாயில் வேறொரு முகம் இருந்தது. தென்பம்பாயில் எஸ். கே. பாட்டீலை ஜார்ஜ் பெர்னாண்டஸ் வீழ்த்தியதை ஊரே பேசிற்று. நம்மவரைத் தொட்டதோ வடகிழக்குப் பம்பாய். அங்கே வி. கே. கிருஷ்ண மேனன் காங்கிரசின் பர்வேயிடம் தோற்றார். 1966 சூனில் தோன்றிய சிவசேனை பர்வேக்கு ஆதரவளித்து, மேனனைத் தென்னாட்டார் என்று சுட்டியே எதிர்த்தது. மாதுங்காவில் அலுவலகப் பணியாளரும், தாராவியில் தோல் பதனிடுவோரும் தத்தம் வழியில் அச்செய்தியை வாங்கிக்கொண்டனர். ஊரில் தம் மொழி அரியணை ஏறிய அதே கிழமையில், பிழைக்க வந்த இடத்தில் தம் மொழியை உரக்கப் பேசத் தயங்கினர். இந்த முரணை எந்த நாடகாசிரியரும் இன்னும் தொடவில்லை என்பதே எம் குறை.

எம் தந்தையாரும் பெரியப்பாவும் மூன்று மாதம் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஆயினும் மேனன் தோற்ற செய்தி வந்த நாள் தொடங்கி, மாலையில் வேலை முடிந்ததும் ஒருவருக்காக ஒருவர் சயான் நிலையத்தில் காத்திருந்து, இருட்டுமுன் ஒன்றாகவே வீடு திரும்பினராம், வழிநெடுகப் பேச்சின்றி.